அந்த அரை மணி நேரத்தை யார் தருவா?

வாயை மூடிக்கிட்டு இருந்துடலாம்னுதான் நினைச்சேன். ஆனா சனிக்கிழமை நம்ம ஸ்கூல்ல ஒரு பேச்சாளரம்மாவைக் கூப்பிட்டு, அம்மாக்களுக்குத் தன்னம்பிக்கையும் அழகும் சொல்லித் தர்ற பயிலரங்கம்னு நடத்தின கூத்தை வீடியோவா வெட்டி, பின்னாடி புல்லாங்குழல் மியூசிக் சேர்த்து, "ஒவ்வொரு அம்மாவும் கேட்க வேண்டிய பேச்சு"ன்னு குரூப் குரூப்பா அனுப்புறதைப் பார்த்தப்புறம் முடியல. வீடியோ உங்க எல்லாருக்கும் வந்திருக்கும், அதனால முதல்லேருந்து கதை சொல்லப் போறதில்ல. ஸ்கூல் பேரும் சொல்லமாட்டேன், பேசினவங்க பேரும் சொல்லமாட்டேன். கமெண்ட்ல நீங்களும் சொல்லாதீங்க. என் பையன் இன்னும் அங்கதான் படிக்கணும்.

"காலையில நாலரைக்கு எழுந்திருங்க. உங்களுக்கே உங்களுக்குன்னு அரை மணி நேரம் ஒதுக்குங்க. அதுகூட முடியலைன்னா அதுக்குப் பேர் பிஸி இல்ல, சோம்பேறித்தனம்." மேடையில அந்தப் பேச்சாளரம்மா இப்படிச் சொன்னதுக்குத்தான் வீடியோவுல கேக்குற அந்தக் கைதட்டல்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அந்த அரை மணி நேரத்தை யார் தருவா?

நாலரைக்கு எழுந்திருக்கச் சொன்னாங்களே, கவனிச்சீங்களா? எடுத்த எடுப்புல கை வச்சது எங்க தூக்கத்துல. வீட்டுல வேற யாரோட நேரத்தையும் தொடல. அவர் போன் பார்க்கிற நேரம் அப்படியே இருக்கு, மாமனாரோட நியூஸ் நேரம் இருக்கு, மச்சினர் கிரிக்கெட் ஆடுற ஞாயிற்றுக்கிழமை இருக்கு. எல்லாம் பத்திரம். ராத்திரி பதினொண்ணரைக்கு மாவை எடுத்து வச்சுட்டுப் படுக்கிறவதான் இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்து தன்னைப் பேணிக்கணும்.

அந்தக் கூட்டத்துக்கு வந்த நோட்டீஸையும் பாருங்க. "அம்மாக்கள் மட்டும். குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்." சனிக்கிழமை காலை பத்து மணி. எனக்குப் பக்கத்து நாற்காலியில ஒரு பொண்ணு. சின்னது ஒண்ணை அவங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு வந்திருக்கு. மேடையில "கண்ணை மூடி உங்க மூச்சை மட்டும் கவனிங்க"ன்னு சொல்றாங்க. இது துப்பட்டாவால வாயை மூடிக்கிட்டு போன்ல, "ஃப்ரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுங்க... நீல டப்பா... இல்லங்க, நீல மூடி இல்ல, நீல டப்பா"ன்னு கிசுகிசுக்குது. அந்தம்மா மைக்கோட இறங்கி வந்து, "பாருங்க, பத்து நிமிஷம் போனைக் கீழ வைக்க முடியல. இவங்களுக்கு எப்படி தன்னம்பிக்கை வரும்?"னாங்க. மண்டபமே சிரிச்சுது. அது தலையைக் குனிஞ்சு போனைப் பைக்குள்ள போட்டுச்சு. உள்ள போன் அதிர்ந்துக்கிட்டே இருந்தது.

அந்த இடம் வீடியோவுல இருக்காது. வெட்டிட்டாங்க.

அங்க தன்னம்பிக்கை யாருக்கு இல்லாம இருந்தது? அம்மாவுக்கா, ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டப்பாவை எடுக்கத் தெரியாதவருக்கா? பயிலரங்கம் யாருக்கு நடத்தியிருக்கணும்?

நான் சும்மா ஆத்திரத்துல பேசலை, கணக்கே இருக்கு. மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் 2024ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். பிள்ளை குட்டி, பெரியவங்களைப் பார்த்துக்கிறது அது போகத் தனி. இதுல ஒரு சூட்சுமம் வேற இருக்கு. அந்த 88, வீட்டு வேலையில கை வைக்கிற ஆண்களோட சராசரி. கையே வைக்காத மகராசனுங்க அதுக்குள்ள வரவே மாட்டாங்க. 2019ல எடுத்தப்போ, ஒரு நாள்ல வீட்டு வேலை ஏதாவது செஞ்ச ஆண்கள் நூத்துக்கு 26 பேர்தான். 289ல 88 போனா 201. அந்தம்மா சொன்ன அரை மணி நேரம் மாதிரி ஆறுக்கு மேல அதுக்குள்ளயே கிடக்கு. நாலரை மணி இருட்டுல ஏன் தேடணும்?

"அவங்க நல்லதுதானே சொன்னாங்க, பொம்பளைங்க அழகா இருக்கக் கூடாதா?"ன்னு கேக்குறவங்களுக்கு: இருக்கலாம், தாராளமா. எனக்கும் லிப்ஸ்டிக் பிடிக்கும், மெரூன் கலர். மாசத்துக்கு ஒரு தடவை பார்லர் நாற்காலியில உட்கார்ந்து, யாரோ என் தலையைப் பிடிச்சு விடுற சுகம் எனக்கும் தெரியும். பார்லர் போறவங்களைக் கேலி பண்ற ஆள் நான் இல்ல. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி மைக்ல சொல்லக்கூடாது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி எழுந்து "முடி ரொம்பக் கொட்டுது மேடம்"னதுக்கு, "எண்ணெய் வைக்கக்கூட உங்களுக்கு அலுப்பு"ன்னு ஒரு பதில். பிரசவமாகி மூணு நாலு மாசத்துல முடி கொத்துக் கொத்தா வர்றது, கர்ப்பத்துல ஏறியிருந்த ஹார்மோன் இறங்குறதால. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள தானா அடங்கிடும். அடங்கலைன்னா தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்கணும். அந்தப் பொண்ணு இதைக் கேட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கலாம். குத்த உணர்ச்சியோட போச்சு.

"அந்தக் காலத்துல ஆறு பிள்ளை பெத்து, அம்மியில அரைச்சு..." தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்துப் பொம்பளை ஒருத்திகூடத்தான் நான் வளர்ந்தேன்.

எங்கம்மா எல்லாருக்கும் போட்டுட்டு, அடுப்பு மேடையில சாய்ஞ்சு நின்னுக்கிட்டே சட்டியில ஒட்டினதை வழிச்சுச் சாப்பிடும். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது கல்யாண வீட்டுலதான். மாசாமாசம் ரத்தப்போக்கு அதிகம்னு யார்கிட்டயும் சொல்லலை. படிக்கட்டுல மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்போ ஹீமோகுளோபின் ஏழு. கர்ப்பப்பையில கட்டி. "எத்தனை நாளா அசதி இருக்கு?"ன்னு டாக்டர் கேக்குறாங்க. "அசதி எல்லாருக்கும் இருக்கிறதுதானே"ங்குது அம்மா. பக்கத்துல நிக்கிற அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. நல்ல மனுஷன், பதறிட்டார். மறுநாளே ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்கிட்டு வந்தார். அம்மா அதை எங்களுக்கு டிபன் டப்பாவுல போட்டுக் கொடுத்தது.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21. நம்ம தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அந்த மண்டபத்துல பாதிப் பேருக்கு இருந்திருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். போட்டது புருவத்துக்கு எந்த வடிவம் எடுப்பா இருக்கும்ங்கிற வகுப்பு.

"ஆம்பளைங்களும்தான் கஷ்டப்படுறாங்க." படுறாங்க. யார் இல்லைன்னா? அவங்களை உட்கார வச்சு "நீங்க சோம்பேறி"ன்னு யாராவது மைக்ல சொன்னா, அன்னிக்கு அவங்களுக்காகவும் எழுதுறேன்.

"வீட்டுல இருக்கிறவங்களுக்கு நேரம் இருக்கே"ன்னு ஒருத்தர். அண்ணே, 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிடுச்சு, வீட்டுல இருக்கிற மனைவி பார்க்கிறது விடுமுறையில்லாத வேலை, புருஷன் சம்பாதிச்சு வாங்கின சொத்துல அந்த உழைப்பும் கலந்திருக்குன்னு. நீங்க அதைப் படிச்சிருக்க மாட்டீங்க, புல்லாங்குழல் மியூசிக் இல்லையே.

இதுவே இன்னொரு இடத்துல எப்படி நடக்குதுன்னு சொல்றேன். என் ஓர்ப்படியோட பொண்ணு அரசுப் பள்ளியில மூணாங் கிளாஸ். 2022ல மதுரையில தொடங்கி மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சே, காலை உணவுத் திட்டம், அதுல அவளுக்கு அங்கயே உப்புமாவோ பொங்கலோ கிடைச்சுடுது. ஓர்ப்படி இப்போ காலையில உட்கார்ந்து டீ குடிக்கிறா. யாரும் அவளுக்கு வகுப்பு எடுக்கலை. ஒரு வேலையைக் கையிலேருந்து வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான். நாங்க டேர்முக்கு இத்தனை ஆயிரம் கட்டி அறிவுரை வாங்கிட்டு வர்றோம்.

என் வீட்டுக்காரரைப் பத்திக் கேக்காதீங்க. நல்லவர். சொன்னா செய்வார். பாத்திரம் கழுவுவார், துணி காயப்போடுவார், சொன்னா. எதை எப்போ யார்கிட்ட சொல்லணும்னு தலைக்குள்ள ஒரு ரிஜிஸ்டர் ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க, அதை அவர்கிட்ட எப்படிக் கொடுக்கிறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. இதை அவர் படிச்சா படிக்கட்டும்.

எனக்கு நிஜமாவே எது வலிச்சதுன்னு சொல்லிடுறேன். "நைட்டி மேல துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு கேட் வரைக்கும் வர்றீங்க. உங்க பிள்ளைங்களுக்கே ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி வெட்கமா இருக்கும்"னாங்க பாருங்க, அது. வேன் வராத நாள்ல குக்கரை இறக்கி வச்சுட்டு அப்படியே ஓடுறவ நான். ஆபீசுக்குக் கட்டுற புடவையில சாம்பார் கொட்டிடக் கூடாதுன்னுதான் அந்த நைட்டி. அன்னிக்கு ராத்திரி பையன்கிட்ட கேட்டேன், "அம்மா நைட்டியில வந்தா உனக்கு ஒரு மாதிரி இருக்காடா?"ன்னு. டிவியிலேருந்து கண்ணை எடுக்காம "ம்ம்"னான். கேள்வி காதுல விழுந்து "ம்ம்"னானா, விழாமலே சொன்னானான்னு தூக்கம் வராம புரண்டுக்கிட்டே கிடந்தேன். தன்னம்பிக்கை கொடுக்க வந்தவங்க செஞ்சுட்டுப் போன வேலை இது. கைதட்டினதும் அம்மாக்கள்தான், அதுதான் இன்னும் எரியுது. அக்கா, நீங்களும் முந்தாநேத்து அதே நைட்டியிலதான் பால் வாங்க வந்தீங்க, நான் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூலுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கேன். அடுத்த மாசம் "மன அழுத்தமில்லா அம்மா"ன்னு இன்னொண்ணு இருக்காம். அதுக்கு அப்பாக்களையும் கூப்பிடணும், பிள்ளைங்களைப் பார்த்துக்க ஒரு ரூம்ல ஆள் போடணும், பேச்சாளருக்குப் பதிலா ஒரு பெண் டாக்டரும் ரத்தப் பரிசோதனைக்கு ஆளும் வேணும். மூணும் இல்லைன்னா எங்களைக் கூப்பிடவே வேண்டாம். கையெழுத்து போடுறவங்க இங்க சொல்லாதீங்க, இன்பாக்ஸ்ல வாங்க.

குரூப் அட்மின் அக்கா, இதைப் பார்த்துட்டு என்னை நீக்குறதா இருந்தா நீக்கிக்குங்க. ஹோம்வொர்க் மட்டும் யாராவது தனியா அனுப்பி விட்டுடுங்க.