குழாயை விட்டுவிட்டு மூட்டையை அள்ளினால் எப்படி?

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் ஆற்றைச் சுத்தம் செய்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வந்து மூட்டை மூட்டையாகக் குப்பை அள்ளியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு படத்தில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் கரைச்சுவரில் நாலு அங்குலக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாய்க்குக் கீழே பாறையெல்லாம் சாம்பல் நிற வழுவழுப்பு. மழையே இல்லாத நாளில் சொட்டுகிறது என்றால் அது வீட்டுச் சாக்கடைதான். அதைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. வயிறு எரிகிறது.

குடிநீரும் கழிவுநீரும் ஒரே கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கொடுத்தால் 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், சாக்கடையாகத் திரும்பும் என்றுதான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஊருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணை போதாது என்று எமரால்டு அணைத் தண்ணீரும் கேட்டோம். அந்த 108 லிட்டர் எங்கே போகும் என்று கேட்டோமா?

"எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறதே" என்பீர்கள். டேங்கில் கசடு அடியில் தங்கும், அவ்வளவுதான். மேலே வரும் தண்ணீர் அழுக்குதான், அது உறிஞ்சுகுழியில் இறங்கி மண்ணில் வடிய வேண்டும். சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகளில் குழிக்கு ஏது இடம்? தோண்டினால் கீழ்வீட்டுச் சுவரில் கசியும். அதனால் குழாயை மழைநீர் ஓடையில் விட்டுவிடுகிறார்கள். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாக வேலை செய்வதால் கசடும் சீக்கிரம் நிறையும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அள்ள வேண்டும், லாரி நுழையாத சந்தில் யார் அள்ளுகிறார்கள்?

பல இடங்களில் அதே ஓடைக்குள்தான் குடிநீர்க் குழாயும் போகிறது. தண்ணீர் விடும்போது விரிசல் வழியாக வெளியே பீய்ச்சும். நிறுத்தியதும் குழாய் காலியாகி, அதே விரிசல் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுக்கும். அடுத்த முறை முதல் குடத்தில் பிடிப்பது அதைத்தான். கிருமியைக் கொல்ல, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். கலங்கல் தண்ணீரில் அது வழியிலேயே தீர்ந்துவிடும். நம் தண்ணீரில் நாமே நம் சாக்கடையைக் குடிக்கிறோம், புரிகிறதா?

சுற்றுலாக்காரர்கள் மேல் பழி போடாதீர்கள். மே மாதக் கூட்டம் உண்மைதான். நவம்பரிலும் அந்தக் குழாய் ஓடுகிறதே!

"பாறையில் விழுந்து ஓடினால் ஆறு தானே சுத்தமாகும்" என்று படித்தவர்களே எழுதுவதுதான் மனதை அறுக்கிறது. காற்று கலந்து கொஞ்சம் அழுக்கு குறையும், கிருமி அவ்வளவு சீக்கிரம் சாகாது. மார்ச்சில் கலந்து நீர்க்க வைக்க ஆற்றில் தண்ணீரே இருக்காது. அப்படியே பர்லியாறு தாண்டி, கல்லாறு வழியாகப் பவானிக்குப் போய்ச் சேருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பவானிசாகர் வரை கீழே இருப்பவர்களும் மனிதர்கள்தானே?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வரட்டும், வேண்டும். ஆனால் இணைக்காத குழாயை அது சுத்தம் செய்யாது. அடுத்த முறை மூட்டையோடு ஒரு பெயிண்ட் டப்பாவும் கொண்டுவாருங்கள். பிப்ரவரியில், மழை இல்லாதபோது, ஓடுகிற ஒவ்வொரு குழாய்க்கும் நம்பர் எழுதுங்கள். மேலே கழிப்பறையில் சாயம் கரைத்து ஊற்றி, குழாயில் அந்த நிறம் வருகிறதா என்று பார்த்தால் எந்தக் கட்டிடம் என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை வார்டு கூட்டத்தில் படியுங்கள், நான் வருகிறேன்.