பிஷர் படங்கள் யாருக்காக?

பிரிட்டனைச் சேர்ந்த ஹியூ பிஷர் 1907 முதல் 1910 வரை இந்தியா உள்ளிட்ட பிரிட்டிஷ் காலனிகளைச் சுற்றி எடுத்த புகைப்படங்கள் இந்தியப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தைக் காட்டத்தான் என்று ஒரு பதிவில் சொல்லியிருக்கிறார்கள். அது தலைகீழ், கோபிக்க வேண்டாம். காலனிகளை நிர்வகித்த லண்டன் காலனி அலுவலகத்தின் குழு முதலில் பிரிட்டனைப் பற்றிய விளக்கொளியால் திரையில் காட்டும் படப் பாடங்களைத் தயாரித்து, இலங்கை போன்ற காலனிகளின் பிள்ளைகளுக்குக் காட்டியது. குழப்பம் இங்கேதான் வந்திருக்கும். பிஷர் படங்கள் அதற்குப் பின் வந்தவை. காலனி நாடுகளைப் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் அவரை அனுப்பினார்கள் (அவர் தொழில்முறைப் புகைப்படக்காரர்கூட இல்லை, ஓவியர்).

நீங்களே பார்க்கலாம். அந்தக் குழுவுக்காக பிரிட்டிஷ் புவியியலாளர் மெக்கிண்டர் எழுதிய இந்தியா பற்றிய எட்டு விரிவுரைகள், 1910ல் வந்த புத்தகம், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. முதல் விரிவுரையே மெட்ராஸ். சென்னைப் பிள்ளைக்கா மெட்ராஸைக் காட்டப் போகிறார்கள்? படங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, பிஷர் பெயரில் தேடுங்கள்.