பரிசு பேசிப் படிக்க வைத்தல்

பிள்ளைகளுக்கு, படித்தால் இன்ன பரிசு தருவோம் என்று பேசிப் படிக்க வைப்பதில் பாதகமில்லை என்று, பிள்ளைகளின் படிப்புப் பற்றிய கட்டுரையொன்றில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே நாட்டமுள்ள சிறுவர்களுள், பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு வரைந்தவர்கள், பின்னர் ஓய்வு வேளையில் வண்ணப் பேனைகளை நாடியது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. ஆக, நாட்டத்தைக் கெடுப்பது பரிசுப்பொருளன்று, அதற்காகவே செய்கிறேன் என்ற நினைப்பு.

இங்கே யாழ்ப்பாணத்தில், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தால் சைக்கிள் என்று பேசப்பட்ட பிள்ளை, பரீட்சை முடிந்ததும் கொப்பிகளோடு முன்பு விரும்பி வாசித்த கதைப் புத்தகங்களையும் சேர்த்துக் கட்டி மூலையில் போடுவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

தன்னாட்சி, அதாவது தானே மனமொப்பிச் செயற்படும் வாய்ப்பு, கொடுத்தால் பிள்ளை பெற்றோர் சொல் கேளாது என்ற கட்டுரையாளரின் அச்சமும் வீணானது. உளவியலாளர்களான எட்வேர்ட் டெசியும் றிச்சர்ட் றையனும் தன்னாட்சி வேறு, பிறரைச் சாராதிருத்தல் வேறு என்று தெளிவாகவே பிரிக்கின்றனர். தாய் சொன்ன உயிரியல் பிரிவையே, காரணம் விளங்கி மனமொப்பித் தெரிவுசெய்யும் மாணவி தன் விருப்பின்படியே நடக்கிறாள். காரணம் எதுவும் சொல்லப்படாமல், உயர்தர வகுப்பு விண்ணப்பத்தில் கையொப்பம் மட்டும் கேட்கப்படும் மாணவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.