சினை ஆட்டின் தீனியைக் குறைக்காதீர்கள்

"கடைசி மாதம் சினைச் செம்மறிக்குத் தீனியைப் பாதியாக்குங்கள், குட்டி சிறுத்து, சுலபமாக ஈனும்" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, தாயையும் குட்டியையும் சேர்த்துக் கொல்லக்கூடிய தவறு.

செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள். கருவின் வளர்ச்சியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கடைசி ஆறு வாரங்களில்தான் நடக்கிறது. அப்போது பட்டினி போட்டால், இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு உடற்கொழுப்பைக் கரைத்துக் கரைத்து, இரை எடுக்காமல் தள்ளாடிப் படுத்துவிடும். சீம்பாலும் குறையும். பிறந்த குட்டிக்கு எழுந்து காம்பைத் தேடவும் வலுவிருக்காது.

அளவுக்கு மீறிக் கொழுத்தாலும் ஈற்று சிரமம்தான். அதற்காகச் சினை ஆட்டின் வயிற்றில் அடிப்பதா? முதுகைத் தடவிப் பாருங்கள். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால் தீனியைக் கூட்டுங்கள். ஆனால் செம்பனைப் பிண்ணாக்கை மட்டுமே கொட்டாதீர்கள். அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்து நஞ்சாகும்.