அதைத் துணிச்சல் என்று சொல்லாதீர்கள்

நேற்று ராத்திரி டிவியில் அரசு ஊழியர்கள் பற்றி நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "2003 மாதிரி ஒரே கையெழுத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும்" என்றார் ஒருவர், அதுதான் துணிச்சல் என்பதுபோல. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழ்நாடு அரசு வேலையை விட்டு நீக்கியது. ஏறக்குறைய 1.7 லட்சம் பேர். ஒருவரிடமும் விளக்கம் கேட்கவில்லை. ஒரு கிளார்க் தாமதமாக வந்தாலே மெமோ உண்டு. பெரிய தண்டனை என்றால் 17(பி) என்கிற குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை நடத்த வேண்டும். ஜூலை 2 வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 4 அவசரச் சட்டம் கொண்டுவந்து, எஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி, விசாரணையே இல்லாமல் நீக்கலாம் என்று ஆக்கினார்கள். திருடியவனுக்குக் கிடைக்கிற விசாரணைகூட வாத்தியாருக்குக் கிடைக்கவில்லை. இதில் எங்கே துணிச்சல் இருக்கிறது?

"உச்ச நீதிமன்றமே வேலைநிறுத்தம் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டதே" என்பீர்கள். சொன்னது. 2003 ஆகஸ்ட் 6. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதே வழக்கில்தான் பெரும்பாலானவர்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. மிச்சமிருந்த சுமார் 6000 பேரின் விவகாரத்தை ஓய்வுபெற்ற நீதிபதிகள் விசாரிக்கட்டும் என்று முடிவானது. விசாரணை! முதல் நாளே செய்திருக்க வேண்டியது அதுதானே?

"பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது?" நியாயமான கேள்வி. அப்பாவுக்கும் அந்தக் கவலை இருந்தது. "லஞ்சம் வாங்குகிறவர்கள்தானே" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. தொடக்கப்பள்ளி வாத்தியாரிடம் யார் போய் லஞ்சம் கொடுத்தார்கள்?

அவர்கள் ஒன்றும் ஆடம்பரம் கேட்டுத் தெருவுக்கு வரவில்லை. ஏற்கெனவே இருந்த ஓய்வூதியப் பலன்களையும் சரண் விடுப்பையும் (எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது) வெட்டினார்கள், அதைத் திருப்பிக் கேட்டார்கள். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனே இல்லை என்றானது. பழைய ஓய்வூதியத்துக்காக எத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்கள்! அதெல்லாம் உங்களுக்கு டிராபிக் ஜாம் மட்டும்தான்.

நான் அப்போது பத்தாம் வகுப்பு. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் அப்பா பெயர் இருந்தது. அந்த மாதம் சம்பளம் இல்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. கல்யாண வீட்டில் ஒரு உறவினர், எல்லார் முன்னாலும், "என்ன வாத்தியாரே, இனி என்ன உத்தேசம்?" என்று கேட்டார். அப்பா பந்தியில் உட்காராமல் வந்துவிட்டார். அந்தக் குரலும் நேற்று டிவியில் கேட்ட சிரிப்பும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது.

2004 மக்களவைத் தேர்தலில், தமிழ்நாட்டை அப்போது ஆண்ட அதிமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த சில நாட்களில் நடவடிக்கைகளை எல்லாம் ரத்து செய்தார்கள். அவ்வளவு சரியான முடிவு என்றால் ஏன் ரத்து செய்ய வேண்டும்? சொல்லுங்கள்.

ஆனால் அப்பா எழுதிக் கொடுத்த கடிதத்தை யார் ரத்து செய்வது? நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்டு, இனி வேலைநிறுத்தம் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வேலை. என் நோட்டில் இருந்துதான் தாள் கிழித்துக் கொடுத்தேன். ஊரில் யாருக்குப் பத்திரம் எழுதுவதென்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், அப்படி ஒரு கையெழுத்து. அன்றைக்கு மூன்று தாள் வீணாயிற்று. நான்காவதிலும் வரி கோணலாகத்தான் வந்தது.