எத்தனை பெயர் என்பதை விட, எந்த இடத்தில் பெயர்?

கால்நடை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெண்கள் இத்தனை சதவீதம் என்று யாராவது கணக்கு காட்டினால், ஆசிரியர் பட்டியலில் எந்த இடத்துப் பெயர்களை எண்ணினீர்கள் என்று கேளுங்கள். முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்த மாணவருடையது. கடைசிப் பெயர் வழிகாட்டியுடையது, திட்டப் பணம் கொண்டுவந்தவருடையது. நடுவில் இருப்பவர்கள் உதவியவர்கள், சில சமயம் சும்மா சேர்க்கப்பட்டவர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் கடைசி இடத்தில் பெண்கள் குறைவு என்பது மறைந்துபோகும்.

ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் என்ற செம்மறி இனங்களில் குடற்புழு ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன், விடியற்காலையில் பட்டிக்குப் போக வேண்டும். தரையில் கிடக்கும் புழுக்கை ஆகாது, கையுறை போட்டு மலக்குடலிலிருந்தே எடுக்க வேண்டும். காதுத் தோட்டு எண்ணை அப்போதே உறையில் எழுதி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஐஸ் இல்லாமல் ஒரு நாள் கிடந்தால் புழுக்கையிலுள்ள புழு முட்டை பொரிந்து புழுவாகிவிடும். நுண்ணோக்கியில் முட்டை எண்ண உதவும் மெக்மாஸ்டர் தட்டில் எண்ணிக்கை குறையும், கட்டுரையில் 'பாதிப்பு குறைவு' என்று பொய் ஏறும். எந்த ஆடு எப்போது ஈன்றது, எது எதனுடைய குட்டி என்பதற்குப் பல வீடுகளில் பதிவேடு கிடையாது, ஆட்டுக்கார அம்மாவின் ஞாபகம்தான் பதிவேடு. அவர் கட்டுரையில் 'பதிலளித்தோர்' ஆகிவிடுகிறார். மண்டபம் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கும் அதே கதிதான்.

அந்த அம்மாவை ஆசிரியராக்கச் சொல்லவில்லை. சம்மதம் கேட்டு, நன்றிப் பகுதியில் பெயரோடு எழுதலாம். ஆனால் மாதிரி எடுத்து எண்ணிய பெண்ணை 'வெறும் தரவு சேகரிப்புதானே' என்று கழற்றிவிடுவது வேறு விஷயம். ஆசிரியர் யார் என்பதற்கு ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) விதி நான்கு நிபந்தனை வைக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு. முதலாவதை நிறைவேற்றியவருக்கு எழுதுவதிலும் திருத்துவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கெடுக்க வாய்ப்பு தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை!

நம் பெயர் முறையும் கணக்கைக் குழப்பும். ரா. செல்வி என்பவர் வெளிநாட்டு இதழின் படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறார். அச்சில் 'ராஜேந்திரன், செ.' என்று வருகிறது. எண்ணுகிறவர் ஆண் பக்கம் ஒரு கோடு போடுவார், அல்லது 'தெரியவில்லை' குவியலில் தள்ளுவார். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிறார். முதல் கட்டுரைக்கு முன்பே, பெயர் மாறினாலும் ஆளை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் வாங்குங்கள். பதினாறு இலக்கம், இலவசம். பெயர் வடிவத்தை ஒன்றாகத் தீர்மானித்து, கடைசிவரை மாற்றாதீர்கள்.

'கல்லூரியில் பெண்கள் நிறைய வந்துட்டாங்க, காலப்போக்கில் தானா சரியாகிடும்' என்பது சோம்பேறி வாதம். கடைசிப் பெயராவதற்குத் திட்டம் வேண்டும், திட்டத்துக்கு நிரந்தரப் பணி வேண்டும், ஒரே இடத்தில் சில வருடம் இருக்க வேண்டும். இடமாற்றமும் பிள்ளைப்பேறும் சரியாக அந்த வருடங்களில்தான் வருகின்றன.

துறைத்தலைவர்கள் ஒரு மதியத்தில் இதைச் சோதித்துவிடலாம். கடந்த ஐந்து வருட ஆய்வேடுகளை ஒரு பக்கம், அவற்றிலிருந்து வந்த கட்டுரைகளை மறுபக்கம் வையுங்கள். ஆய்வேடு எழுதிய பெண் கட்டுரையில் எத்தனையாவது பெயர், தொடர்பு ஆசிரியர் (இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர்) யார் என்று குறியுங்கள். பாலினத்தைப் பெயரை வைத்து ஊகிக்காமல் பதிவேட்டில் பாருங்கள். புதுத் திட்டத்துக்கு, மாதிரி எடுக்கும் முன்பே பெயர் வரிசையை ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மகப்பேறு விடுப்பில் போனாலும் முதல் பெயர் மாறாது என்ற வரியும் அந்தத் தாளில் இருக்கட்டும்.