சந்தேகம் வந்தால்தான் சப்ஜங்டிவா?

ஸ்பானிஷில் வினைச்சொல்லுக்குச் சாதாரண வடிவம் (இண்டிகேட்டிவ்) ஒன்று, சப்ஜங்டிவ் என்ற தனி வடிவம் ஒன்று உண்டு. சந்தேகமான விஷயத்துக்குத்தான் சப்ஜங்டிவ், உறுதியானதற்கு வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. இதை நம்பிப் பரீட்சை எழுதினால் மார்க் போய்விடும்.

'மெ அலெக்ரோ தெ கே எஸ்தேஸ் அகீ': நீ இங்கே இருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆள் கண்ணெதிரே நிற்கிறார், சந்தேகமே இல்லை. ஆனாலும் சாதாரண 'எஸ்தாஸ்' அல்ல, சப்ஜங்டிவான 'எஸ்தேஸ்'தான். இங்கே தகவல் சொல்லவில்லை, தெரிந்த ஒன்றைப் பற்றிய உணர்ச்சியைச் சொல்கிறோம்; அதனால்தான் சப்ஜங்டிவ்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 'சி யுவேவே', மழை பெய்தால். பெய்யுமா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நிகழ்காலத்தில் அந்த 'சி'க்குப் பின்னால் சாதாரண இண்டிகேட்டிவ்தான். 'க்ரேஓ கே வியேனே' (வருகிறான் என்று நினைக்கிறேன்) என்பதும் அப்படியே. பேசுபவர் தன் கருத்தாக அதை முன்வைக்கிறார். முன்னால் 'நோ' போட்டு 'நினைக்கவில்லை' என்றாக்கினால், 'வியேனே' சப்ஜங்டிவான 'வெங்கா' ஆகிவிடும்.

அப்புறம் 'குவாந்தோ', அதாவது 'எப்போது ஒன்று நடக்கிறதோ அப்போது' என்பதற்கான சொல். தினமும் நடப்பதென்றால் இண்டிகேட்டிவ்: 'குவாந்தோ யேகோ ஆ காசா, சேனோ', வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுகிறேன். இனிமேல் நடக்கப்போவதென்றால் சப்ஜங்டிவ்: 'குவாந்தோ யேகெஸ், யாமமே', வந்து சேர்ந்ததும் போன் பண்ணு. வந்து சேர்வது நிச்சயம்தான், இன்னும் நடக்கவில்லை, அவ்வளவே.